கொழும்பில் மிச்சமிருந்த கதிரை

எண் ஏழின் மனு வந்து சேர்ந்தபோது, ராஜலிங்கம் தன்னுடைய சொந்த மனுவை உறையிலிட்டு ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தார். பசைச் சட்டிக்குள் காப்பித் தூசு விழுந்து பழுப்பாகியிருந்தது. கண்டிக் கந்தோரில் எல்லாமே அந்த நிறம்தான். போன வருஷம்வரை அது காப்பிக் கிட்டங்கியாக இருந்தது. மேசை லாச்சியைத் திறந்தால் இப்போதும் நாலு கொட்டை உருளும்.

"இந்தக் கிழமை உங்களுக்கு ஒரேயொரு கடுதாசிதான் ஐயா" என்று தபால் பையிலிருந்து எடுத்து வைத்தார் ஹபீல்.

"இதைக் கொழும்புக்குக் கொண்டுபோங்க. பத்திரம்" என்று ராஜலிங்கம் தன் உறையை நீட்டினார்.

"எல்லாக் கடுதாசியும் பத்திரம்தான் ஐயா" என்றார் ஹபீல், கொஞ்சம் மனத்தாங்கலோடு. கொழும்பிலிருந்து குதிரைத் தபால் வண்டியில் பையோடு ஏறி, கண்டியில் இறங்கி, கெலிஓயாவுக்கு நடந்து, மறுபடி கொழும்புக்குப் போவது அவருடைய வேலை. நாலு வருஷத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

அந்தக் கந்தோர் மலைநாட்டுக் காப்பிப் பாதைகளைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்கத் திணைக்களத்துடையது. காப்பி விளைவது மலையில். அதை இறக்கும் பாதைக்குக் காகிதம் எழுதுகிறவர்கள் மட்டும் கொழும்பில் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று துரை ஒருநாள் கேட்டார். இரண்டு மாதத்தில் பன்னிரண்டு கிளாக்கர்மாரும் மலையேற்றப்பட்டார்கள். எட்டுப் பேர் கண்டிக்கு, நாலு பேர் கெலிஓயாவுக்கு. அவரவர் பார்த்த வேலையை அவரவரே தகரப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோக வேண்டும் என்பது உத்தரவு.

ராஜலிங்கத்தின் பெட்டியில் வந்தது மனு வேலை. யாராவது இடமாற்றம் கேட்டு எழுதினால், அதைப் படித்து, கொடுக்கலாமா கூடாதா என்று துரைக்கு அபிப்பிராயம் எழுதவேண்டும். இதற்கு இரண்டு விதிகள் இருந்தன. தன் கந்தோர் ஆளின் மனுவைத் தானே பார்க்கக் கூடாது என்பது ஒன்று. மற்றது துரையே போட்டது. தெரிந்தவருக்குச் சலுகை காட்டாமலிருக்க, கொழும்பிலிருந்த நகல் எழுதுகிறவர் மனுவைத் திரும்ப எழுதி, பேரும் ஊரும் இருக்கிற இடத்தைக் கத்தரித்துவிட்டு, ஓர் எண்ணைப் போட்டு அனுப்பவேண்டும். ஆகவே ராஜலிங்கத்தின் மேசைக்கு வரும் மனுவில் எப்போதும் ஒரு சதுர ஓட்டை இருக்கும். கண்டி ஆட்களுடைய மனுவைத் துரையே பார்ப்பார் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை.

எண் ஏழு கொழும்புக்கே திரும்பிப் போகக் கேட்டிருந்தார். தாயாருக்குக் கண் மங்கி வருகிறது, பார்க்க வேறு ஆளில்லை. போதாதற்கு இந்த ஊர் அட்டைக்கடி.

"பாவம், கொடுக்கலாம்னு எழுதிரவா?" என்று பக்கத்து மேசை அழகமுத்துவிடம் கேட்டார் ராஜலிங்கம்.

அழகமுத்து பேனா சீவுவதை நிறுத்தினார். "உங்களுக்கு விஷயம் தெரியாதா? துரை ஒரே ஒரு கிளாக்கரைத்தான் திருப்பிக் கூப்பிடப் போறாராம். உட்கார ஒரு கதிரைதான் மிச்சம் வச்சிருக்காங்க."

"ஒன்னா?"

"ஒன்னுதான். நீங்களும் இப்பத்தானே உறையை ஒட்டிக் குடுத்தீங்க?"

ராஜலிங்கம் எண் ஏழின் மனுவை மறுபடி கையிலெடுத்தார். கொழும்பில் மனைவி கமலத்துக்கு ஐந்து மாதம். தலைப்பிரசவம். வீட்டில் ஒரு வயதான பெரியம்மாவைத் தவிர யாருமில்லை. இந்த நிலையில் அவளைத் தபால் வண்டியில் குலுக்கிக்கொண்டு வர முடியாது. வந்தாலும் தங்க இடமில்லை. ராஜலிங்கமும் இன்னும் மூன்று கிளாக்கர்மாரும் கிட்டங்கியின் பின்கட்டில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தார்கள். ரயில் வர இன்னும் இரண்டு வருஷமாகும் என்றார்கள். பிள்ளை அதுவரைக்கும் பொறுக்காது.

அவர் நல்ல மனுஷர்தான். அதனால் முதலில் ஒரு பெருமூச்சு விட்டார். அதற்குப் பிறகு எழுதினார்: "அட்டைக்கடி இடமாற்றத்துக்குக் காரணமாகாது. உப்பு எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. தாயாரைப் பற்றிச் சொல்வதற்கு அத்தாட்சி இல்லை. மறுக்கலாம்."

அடுத்த கிழமை அவருடைய மனுவுக்குப் பதில் வந்தது. "குளிர் இடமாற்றத்துக்குக் காரணமாகாது. கம்பளி எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. மனைவியின் நிலைபற்றி அத்தாட்சி இல்லை. மறுக்கப்படுகிறது." அடியில் துரையின் கையெழுத்து.

"துரை இரும்பு மனுஷன்" என்றார் ராஜலிங்கம்.

"வெறுங்கையோட கேட்டா எப்படிக் குடுப்பாரு? ஒரு வைத்தியர் கடுதாசி வச்சுக் கேளுங்க" என்றார் அழகமுத்து.

ராஜலிங்கம் கடைத்தெரு வைத்தியரிடம் போய் இருமிக் காட்டினார். வைத்தியர் இன்னொரு தடவை இருமச் சொன்னார். இரண்டாவது இருமல் முதலாவதைவிடத் திருத்தமாக இருந்ததால் அத்தாட்சி கிடைத்தது. மலைக்காற்று இவருடைய நெஞ்சுக்கு ஆகாது.

அந்த மனுவை அனுப்பிய கிழமையே எண் ஏழின் இரண்டாவது மனுவும் வந்தது. அதிலும் ஓர் அத்தாட்சி. விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகிறதாம்.

"கள்ளக் காய்ச்சல்" என்றார் ராஜலிங்கம். தான் இருமியது ஞாபகத்துக்கு வந்ததால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் கண்டிப்பான ஆள் என்று பேரெடுத்தால் துரைக்குத் தன்மேல் ஒரு பிடிப்பு வராதா? அவர் எழுதினார்: "உட்கார்ந்தே இருப்பதால் வரும் உடற்சோர்வு. இவரைச் சனிக்கிழமைதோறும் கால்நடையாகப் பாதை பார்க்க அனுப்பினால் குணமாகும்."

எட்டாம் நாள் அவருக்குத் துரையின் உத்தரவு வந்தது. இருமலுக்கு நடை நல்லது. இனிமேல் சனிக்கிழமைதோறும் ஹுன்னஸ்கிரிய போகும் வண்டிப் பாதையில் ஆறு மைல் நடந்து, உடைந்த மதகுகளை எண்ணி எழுதி அனுப்பவேண்டும்.

சனிக்கிழமை மழை பெய்தது. ராஜலிங்கம் ஓடத்தில் ஆற்றைத் தாண்டி, வேட்டியை மடித்துக் கட்டி, குடையைப் பிடித்துக்கொண்டு மதகு எண்ணினார். காப்பி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் அவர்மேல் சேறடித்துக்கொண்டு இறங்கின.

"என்ன ஐயா, தொலைச்சதைத் தேடுறீங்களா?" என்று ஒரு வண்டிக்காரர் கேட்டார்.

"மதகு எண்ணுறேன்."

"அது அங்கதானே இருக்கு. எங்க போயிரப்போகுது?"

திரும்பி வந்து காலைப் பார்த்தபோது பதினொரு அட்டைகள் இருந்தன. மதகுகள் ஒன்பது. கடையில் உப்பு வாங்கிக்கொண்டிருக்கும்போது உண்மையாகவே இருமல் வந்தது. அதற்கு அத்தாட்சி கேட்கப் போனபோது வைத்தியர், "முந்தி இருமினதுதான் நல்லா இருந்திச்சு" என்று சொல்லிவிட்டார்.

ராஜலிங்கம் இதையெல்லாம் யாரிடமாவது சொல்லி அழலாமா என்று பார்த்தார். கொழும்பில் பத்து வருஷம் ஒரே வாங்கில் உட்கார்ந்து, ஒரே தலைமைக் கிளாக்கரிடம் திட்டு வாங்கி, சோற்றுப் பொதியைப் பங்கு போட்டுத் தின்ற சிநேகிதர் வீரையா இப்போது கெலிஓயாவில் இருந்தார். ஆனால் கதிரை ஒன்றுதானே. வீரையாவுக்கும் ஆசை வந்துவிட்டால்? அதனால், "கண்டிக் காற்று உடம்புக்கு அமிர்தம். கொழும்பை நினைக்கவே தோன்றவில்லை" என்று எழுதி ஹபீலிடம் கொடுத்தார். "கெலிஓயாவும் சொர்க்கம்தான். இங்கேயே வீடு பார்க்கிறேன்" என்று வீரையா பதில் எழுதினார். அதைப் படித்து ராஜலிங்கத்துக்கு ஒரு பாரம் இறங்கியது.

கமலம் பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு எழுதிய கடுதாசியும் அதே பையில் வந்திருந்தது. "பெரியம்மாவுக்கு மாடி ஏற முடியவில்லை. இரவானால் எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்றைக்காவது வருவீர்களா, அல்லது பேரை எழுதி அனுப்புவீர்களா?"

கமலத்துக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது. ராஜலிங்கம் மூன்றாவது மனுவை எழுதினார். இந்தத் தடவை குளிருமில்லை, இருமலுமில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினார். என் மனைவி தனியாக இருக்கிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது, தயவுசெய்து அனுப்புங்கள். எழுதி முடித்ததும் இது ஒரு கிளாக்கர் எழுதுகிற மாதிரி இல்லையே என்று சந்தேகம் வந்தது. இருந்தாலும் கொடுத்துவிட்டார்.

ஹபீல் அதை வாங்கிப் பையில் போட்டார். பையிலிருந்து எண் ஏழின் மூன்றாவது மனுவை எடுத்துத் தந்தார்.

அது நாலே வரி. "அம்மாவுக்கு இப்போது இரண்டு கண்ணும் தெரிவதில்லை. காலடிச் சத்தம் கேட்டால் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். வேறு காரணம் ஒன்றுமில்லை."

ராஜலிங்கம் அதை இரண்டு தடவை படித்தார். சதுர ஓட்டை வழியாக மேசைப் பலகை தெரிந்தது. அன்றைக்கு முழுவதும் எழுதவில்லை. மறுநாள் பேனாவை மையில் தொட்டு, "கொடுக்கலாம்" என்று தொடங்கி, அதை அடித்தார்.

"இன்னும் என்ன யோசனை?" என்றார் அழகமுத்து.

"தாய்ப்பாசம்ங்க."

"உங்களுக்குப் பிள்ளைப்பாசம் இல்லையா? இந்த ஆளு இப்படியே மாசாமாசம் எழுதிக்கிட்டே இருப்பாரு. என்னைக்காவது துரை மனசு இளகிட்டா உங்க கதிரை போச்சு. ஒரேயடியா வாயை அடைச்சிருங்க."

கடைசியில் ராஜலிங்கம் எழுதினார். மனு எழுதுவதே இவருக்கு வழக்கமாகிவிட்டது. இப்போதுள்ள இடத்திலேயே இவரை ஐந்து வருஷத்துக்கு நிரந்தரமாக்கி, அதுவரை மனு எழுதத் தடை விதிக்கலாம். எழுதியதைத் திரும்பப் படித்தால் கிழித்துவிடுவோம் என்று பயந்து படிக்காமலே ஒட்டினார். பேர் தெரியாத ஒருவருடைய தாயிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டார். கதிரை கிடைத்ததும் கொழும்பில் அந்த அம்மாவைத் தேடிப் பிடித்து ஏதாவது உதவி செய்யவேண்டும் என்றும் தீர்மானித்தார். பேர் தெரியாமல் எப்படித் தேடுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எட்டு நாளும் அவர் நல்ல நம்பிக்கையோடு இருந்தார். தகரப் பெட்டியைத் துடைத்து, துணிகளை மடித்து வைத்தார். பின்கட்டில் தன் பாயை யாருக்குக் கொடுப்பது என்று பேச்சுக்கூட நடந்தது.

ஒன்பதாம் நாள் காலை ஹபீல் உத்தரவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க நின்றார். ராஜலிங்கம் எழுந்து நின்று பிரித்தார். உட்கார்ந்து படித்தார்.

கண்டிக் கிளாக்கர் ராஜலிங்கம் ஐந்து வருஷத்துக்குக் கண்டியில் நிரந்தரமாக்கப்படுகிறார். அதுவரை மனு எழுதக் கூடாது. தகுந்த ஆள் யாருமில்லை என்று தெரிவதால் கொழும்பில் வைத்திருந்த இடமும் நீக்கப்படுகிறது.

அழகமுத்து எட்டிப் பார்த்தார். திரும்பவும் பேனா சீவப் போனார்.

"கையெழுத்துப் போடுங்க ஐயா" என்றார் ஹபீல் மெதுவாக. "நான் இன்னும் கெலிஓயாவுக்குப் போகணும். அங்க வீரையா ஐயாவுக்கும் இதே மாதிரி ஒரு கடுதாசி ஈக்குது."

"வீரையாவுக்கா? அவர் எதுக்கு மனுப் போடுறாரு? அவருக்குத்தான் அந்த ஊர் பிடிச்சிருக்கே."

"மூனு தரம் போட்டாரே. உம்மாவுக்குக் கண் தெரியல்லயாம்."

ராஜலிங்கத்தின் பேனாவிலிருந்து மை சொட்டி உத்தரவின்மேல் விழுந்தது. மையை ஒற்றியெடுத்துவிட்டு, "ஹபீல்" என்றார், "என் மனுவைத் துரை ஒரு தடவையாவது முழுசாப் படிச்சாரா?"

"துரை எதையும் படிக்கிறல்ல ஐயா, எழுதி வாறதுல கையெழுத்துப் போடுறது மட்டுந்தான், வீரையா ஐயாட மனுவை நான் உங்களுக்கிட்டக் கொண்டு வாறேன், உங்கட மனுவை அவருக்கிட்டக் கொண்டு போறேன்."