ஒரு பட்டனுக்கு ஒரு கார்டு

ஞாயிற்றுக்கிழமை காலை, சோபாவில் படுத்தபடியே லிஃப்ட் மெக்கானிக் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனி ரொக்கப் பணத்தைக் கையால் தொடுவதில்லை!

ஊரில் இருப்பவர்களை எல்லாம் மேலே ஏற்றிக் கீழே இறக்குவது அவர் தொழில். அவர் குடியிருந்த மூன்றாவது மாடிக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒரே ஒரு நாள் காலை நீட்டலாம் என்று படுத்தால், உள்ளறையில் மனைவியின் தையல் மிஷின் நிற்கும். அது ஓடும்வரை அவருக்குப் பயமில்லை. நின்றால்தான் வினை.

"ஏங்க..."

அந்த இழுவையின் நீளத்தை வைத்தே என்ன தீர்ந்துபோயிற்று என்று சொல்லிவிடுவார். குட்டையாக வந்தால் ஊசி. கொஞ்சம் நீண்டால் பட்டன். ராகம் போட்டு வந்தால் நூல். அதுவும் துணியைக் கையோடு கொண்டுபோய்க் கலர் பொருத்திப் பார்த்து வாங்க வேண்டிய நூல்.

"மொத்தமா வாங்கி வெச்சுக்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"நாளைக்கு எந்தக் கலர்ல துணி வரும்னு நான் என்ன ஜோசியமா பார்த்து வெச்சிருக்கேன்?"

தெருமுனைத் தையல் சாமான் கடையில் கல்லாவுக்கு மேலே ஓர் அட்டை தொங்கும்: 'சின்னச் சாமானுக்குக் கார்டு கிடையாது.' போன வாரம் அந்த அட்டைக்கு அடியில் நின்றபோதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. இந்த ஞாயிறும் மிஷின் நின்றது.

"ஏங்க, கறுப்புப் பட்டன் ஒண்ணே ஒண்ணு. நாலு ஓட்டை வெச்சது."

"தாராளமா. ஆனா இனிமே நமக்கு எல்லாம் கார்டுதான். உலகமே மாறிப்போச்சு!"

கம்பீரமாகப் படி இறங்கினார். கடைக்கார அக்காவிடம் கார்டை நீட்டினார். அக்கா அட்டையைக் காட்டினாள். சோகமான முகத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு மேலே வந்தார்.

"கார்டு வாங்க மாட்டாங்களாம்மா."

"நான் காசு தரேன், போயிட்டு வாங்க."

"கொள்கைன்னு ஒண்ணு வெச்சுட்டேனே!"

மனைவி அவரைப் பார்த்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"கொள்கைன்னா விடக் கூடாதுங்க. நானே போயிட்டு வரேன்."

புயலை எதிர்பார்த்தவருக்குத் தென்றல் வீசியது. கார்டைக் கண்டுபிடித்த புண்ணியவானை வாழ்த்திவிட்டுக் கண்ணை மூடினார்.

அடுத்த ஞாயிறும் மிஷின் நின்றது. இந்த முறை மனைவி அவரைக் கூப்பிடக்கூட இல்லை. தலை வாரி, நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, "கறுப்புப் பட்டன் வாங்கிட்டு வரேன், வீட்டைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் போன சுவடு மறைவதற்குள் அழைப்பு மணி அடித்தது. தைத்த துணியை வாங்க எல்லாரும் வருவது ஞாயிற்றுக்கிழமைதான் என்பது அப்போதுதான் அவர் மண்டையில் உறைத்தது.

முதலில் ஒரு டீச்சர். "கை சரியில்லைங்க."

"எண்ணெய் போட்டுத் தேய்ச்சுப் பாருங்க. அப்படியும் சரியாகலைன்னா டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

"நான் சட்டையோட கையைச் சொல்றேன்!"

அவருக்குப் பின்னாலேயே ஒரு டிரைவர். "கழுத்து இறுக்குது சார்."

"கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

மூன்றாவதாக வந்தவர் பேக்கரி அம்மா. "போன மாசம்தான் அளவு குடுத்தேன். இப்போ இடுப்புப் பத்தலையே!"

"போன மாசம் இடுப்பு சின்னதா இருந்திருக்கும்" என்று ஆறுதலாகச் சொன்னார் மெக்கானிக்.

பேக்கரி அம்மா சோபாவின் நட்டநடுவில் உட்கார்ந்தார். "உங்க வீட்டம்மா வரட்டும். அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

அவரும் எழுந்திருக்கவில்லை, இவரும் உட்காரவில்லை. வாரம் முழுக்கக் குழிக்குள் தொங்கினாலும் இப்படி ஒரு கால்வலி வந்ததில்லை.

ஆடி அசைந்து வந்து சேர்ந்தாள் மனைவி. முகம் மலர்ந்திருந்தது. குண்டூசியை வாயில் கடித்துக்கொண்டு அங்கே ஒரு மடிப்பு, இங்கே ஒரு பிரிப்பு. எல்லாரையும் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டாள்.

"ஒரு பட்டன் வாங்க இவ்வளவு நேரமா?"

"கலர் பொருந்த வேண்டாமா?"

"கறுப்புல என்னம்மா கலர்?"

"கறுப்புல எத்தனை கறுப்பு இருக்குன்னு தெரியுமா? நாள் பூரா இருட்டுக்குள்ளேயே இருக்கீங்க, இதுகூடத் தெரியலையே!"

அதற்கடுத்த ஞாயிறு மிஷின் நின்றதுதான் தாமதம், ஸ்பிரிங் போட்டதுபோல எழுந்து நின்றார்.

"நான் போறேன்!"

"கொள்கை?"

"அது கிடக்குது. காசைக் குடு."

"ஐயய்யோ, என்னால உங்க கொள்கை கெட வேணாங்க. கார்டையே கொண்டு போங்க. அந்த அட்டையை அக்கா எப்பவோ கழட்டிட்டாங்க."

"எப்போ?"

"உங்களுக்குக் கொள்கை வந்த அன்னிக்கே. நான்தான் சொல்லிக் கழட்ட வெச்சேன். அந்த ஆணியில என் பையை மாட்டிக்கலாம் பாருங்க."

பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அழைப்பு மணி அடித்தது. இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கிவிட்டார்.

கடையில் ஒரே ஒரு பட்டனுக்குக் கார்டை வைத்தார். கார்டு மிஷின் 'கீ' என்றது.

"இவ்வளவு சின்னத் தொகையை இது ஜென்மத்துல பார்த்ததில்லை" என்றாள் அக்கா.

அப்போதுதான் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலி அவர் கண்ணில் பட்டது. மெத்தை போட்டது. எதிரே மின்விசிறி. ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டம்மா வந்தா இங்கதான் உக்காருவாங்க. நீங்களும் உக்காருங்களேன்."

உட்கார்ந்தார். காலை நீட்டினார். அக்கா பிளாஸ்கிலிருந்து சூடாக டீ ஊற்றிக் கொடுத்தாள். இங்கே யாருக்கும் சட்டைக் கை கோளாறில்லை, கழுத்து இறுக்கவில்லை. இத்தனை சுகத்தைத் தெருமுனையில் வைத்துக்கொண்டு, போயும் போயும் ஒரு சோபாவுக்காகப் போராடினோமே என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். இனி வாராவாரம் நாமே வரவேண்டியதுதான் என்று முடிவுகட்டி, மிச்ச டீயை ரசித்து உறிஞ்சினார்.

டம்ளரை அவர் கீழே வைக்கவும், அக்கா கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய அண்டாவை இழுத்து அவர் முன்னால் வைக்கவும் சரியாக இருந்தது. அண்டா நிறையப் பட்டன்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், எத்தனையோ விதக் கறுப்பு.

"என்னக்கா இது?"

"போன ஞாயிறு அலமாரி கவிழ்ந்து எல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சு தம்பி. அன்னிக்கே நானும் உங்க வீட்டம்மாவுமா உக்காந்து கலர் கலராப் பிரிச்சிருப்போம். அவங்கதான் 'அப்படியே இருக்கட்டும்கா, இன்னும் ஒரு வாரத்துல எங்க வீட்டுக்காரரு கார்டைத் தூக்கிட்டு ஓடி வருவாரு'ன்னு சொல்லிட்டாங்க."