வாத்துகளை வந்து கூட்டிப் போகவும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசியுடன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் தினமும் ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் சுகமா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல்.

செவ்வாய்க்கிழமை காலை சம்பவ இடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், மாடியில் இருக்கும் வீட்டுக்காரர், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர், நீ கொடுத்த கூஸ் வாத்து நாலு. என் மாமியார் குளியலறையிலிருந்து சத்தம் மட்டும் கேட்டார்கள். ஆனாலும் எல்லாரையும்விட விவரமாகச் சொல்வது அவர்கள்தான் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

போன வருஷம் நீ மாற்றலாகிப் போகும்போது அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, "கோழி மாதிரிதான்க்கா, அது பாட்டுக்குப் புல்லைத் தின்னுட்டுக் கிடக்கும்" என்றாய். உள்ளங்கை அளவு மஞ்சள் குஞ்சுகள், குளிருமே என்று சாமி படத்துக்குப் பக்கத்தில் பல்பு போட்டு வைத்தேன். காலையில் கண்ணை மூடிப் பாட்டுப் பாடி வேண்டிக்கொண்டு, முடித்த கையோடு நனைத்த தானியத்தை வைப்பேன். அதுகளுக்கும் கொஞ்சம் பக்தி வரட்டுமே என்று ஒரு நல்லெண்ணம். வந்தது. இப்ப நான் பாட்டோட முதல் அடியை எடுத்தாலே நாலும் கழுத்தை நீட்டிக்கிட்டு, லாரி ஹாரன் மாதிரி அலறிக்கிட்டு அடுப்படி வரைக்கும் வந்துடுது. உன் அத்தான், "கூடப் பாட நாலு பேர் கிடைச்சாச்சு உனக்கு. சுருதி உன்னைவிடப் பரவாயில்லை" என்கிறார்.

தினம் தினம் மாடிக்குக் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டு வீட்டுக்காரர் வாயிலும் ஒட்டிக்கிச்சாம். எனக்கு எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமை கீழே வந்து தக்காளிச் செடியைப் பார்த்தபடி தன்பாட்டுக்கு முதல் அடியை முணுமுணுத்திருக்கிறார். அவ்வளவுதான். நாலில் பெரிசு, நான் கழுத்தன்னு கூப்பிடுறது, முன்னால், மற்ற மூணும் பின்னால், சாப்பாடு வந்துடுச்சுன்னு பாய்ஞ்சுது. அவர் மிரண்டுபோய் "கடவுளே காப்பாத்து, காப்பாத்து"ன்னு கத்திக்கிட்டே ஓடினார். பாட்டில் இரண்டாவது அடியும் அதுதான், பாவம். விடுமா அதுங்க? உன் அத்தான் ஜன்னலுக்கு உள்ளே பத்திரமா நின்னுக்கிட்டு, "ஓடாதீங்க சார், நின்னா ஒண்ணும் பண்ணாது" என்றார். "நீங்க வந்து நின்னு காட்டுங்க" என்றார் அவர் ஓடியபடியே. மீட்டர்காரர் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று, "அம்மா, ரீடிங்கை நீங்களே படிச்சுச் சொல்லுங்க, இங்கேயே எழுதிக்கறேன்" என்று கெஞ்சினார். கழுத்தன் வீட்டுக்காரரின் பின்பக்கப் பையைக் கவ்விக் கைக்குட்டையோடுதான் திரும்பியது. அவர் மாடிப்படியில் ஏறி, மூச்சு வாங்கி, "ஒண்ணு வாத்து இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும். மாசக் கடைசிக்குள்ள முடிவு பண்ணுங்கம்மா" என்றார். மனுஷன் கோபத்தில்கூட அம்மா போட்டுத்தான் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு.

மாமியாருக்கு முழங்கால் மடங்காது. தரைத்தளத்தில் வேறு வீடு எங்கே தேடுவேன்? அதனால் ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்து நாலையும் கூட்டிக்கொண்டு போ. என் கணக்கு நோட்டில் அதுகளுக்குத் தனிப் பக்கம் போட்டேன். செலவு நிரம்பி வழிகிறது, வரவுப் பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்தால் கழுத்தன் வந்து என் மடியில் தலையை வைத்துக்கொள்ளும். அதை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியாமல் விட்டிருக்கிறேன். வரும்போது என்னிடம் அதிகம் பேசாதே. ஏற்றிக்கொண்டு போய்விடு.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவன் உங்கள் வீட்டுக் கதவை நோயும் கடனும் தட்டாமல் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: வண்டி வேண்டாம். கவரை ஒட்டும் முன் எண்ணிப் பார்த்தால் மூன்றுதான் இருந்தது. கொஞ்ச நாளாகவே, நாலில் அமைதியானது என்று நான் சாது எனப் பேர் வைத்த பெட்டை மட்டும் காலையில் எங்கேயோ போய்விட்டு வரும், நான் கண்டுகொள்ளவில்லை. தேடிப் போனால் மாடிப்படிக்கு அடியில், வீட்டுக்காரர் பழைய பேப்பர் அடுக்கும் மூலையில், பேப்பரைக் கிழித்துக் கூடு கட்டி, தன் நெஞ்சு இறகையே பிடுங்கி மெத்தை போட்டு உட்கார்ந்திருக்கிறது. அடியில் ஆறு முட்டை. எதிரில் வீட்டுக்காரர், தண்ணீர்க் கிண்ணத்தோடு, அதே பாட்டைத் தாலாட்டு மாதிரி பாடிக்கொண்டு.

"மெதுவா பேசுங்கம்மா, எழுந்துடப் போறா" என்றார்.

"மாசக் கடைசின்னு சொன்னீங்களே சார்?"

"பிள்ளைத்தாச்சியை யாராவது வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்களா?"

வரவுப் பக்கத்தில் பென்சிலால் ஆறு என்று எழுதிவிட்டேன். எத்தனை நாளில் குஞ்சு வெளியே வரும், அதுவரைக்கும் சாது குளிக்கலாமா கூடாதா என்று வீட்டுக்காரர் மணிக்கொரு தரம் வந்து என்னைக் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும், கொண்டுவந்து கொடுத்தவன் நீ. சீக்கிரம் பதில் போடு.