சீனி இல்லாத சீனிக் கடை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோரத்தில் ஆக அதிகமாகச் சீனி விற்றுத் தள்ளியவர் யார் என்று என்னைக் கேட்டால், தன் கடையில் ஒரு மணி சீனிகூட வைத்திராத ஒருவரைத்தான் கைகாட்டுவேன். அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நிந்தவூர் மெயின் ரோட்டில் எவருக்கும் அது தேவைப்படவில்லை. அவர் சீனிக் காக்கா. அவ்வளவுதான்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். காக்கா என்றால் அண்ணன்; வயதில் மூத்த ஆண் எவரும் எங்களுக்குக் காக்காதான். எங்கள் பக்கத்தில் சீனி இரண்டு வகை. ஒன்று தேத்தண்ணிக்குப் போடுவது. மற்றது உடம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுப்பது. பாடப்புத்தகத்தில் அதை நீரிழிவு என்பார்கள். "அவருக்குச் சீனியாம்" என்று யாராவது குரலைத் தாழ்த்தினால் அது இரண்டாவது வகை. இந்த இரண்டு சீனிக்கும் நடுவில்தான் காக்கா தன் கடையைக் கட்டினார்.

அதற்கு முன் அவர் கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனியில் இருந்தார். சோடாவுக்கும் கிறீம் பிஸ்கட்டுக்கும் தமிழில் பாட்டுக் கட்டுவது தொழில். மனைவி அங்கேயே ஒரு பெரிய ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதித்தார். "நான் சீனிய வித்தன், இவ சீனிய அளந்தா. ரெண்டு பேருக்கும் நல்ல சம்பளம்" என்று பிற்காலத்தில் சிரிப்பார்.

சுனாமி வந்த கிழமை, கடலோரம் பூட்டிக் கிடந்த தாய்வீட்டைத் தேடி இருவரும் வந்தார்கள். வீடு இல்லை. சீமெந்துத் தரை மட்டும் யாரோ கழுவித் துடைத்து வைத்ததுபோலக் கிடந்ததாம். அங்கிருந்து நேரே எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அப்போது அது பள்ளிக்கூடம் இல்லை, முகாம். வீடு போன நாங்களும் அங்கேதான் இருந்தோம். ஒரு லொறி பிஸ்கட் பெட்டிகளை இறக்கியது. வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள் பெட்டியைக் கண்டதும் அந்தப் பிஸ்கட்டின் பாட்டைப் பாடத் தொடங்கினார்கள். ஒரு சொல் பிழைக்கவில்லை. வாசலில் வெள்ளைச் சட்டையோடு ஒரு மனிதர் பாட்டு முடியும் வரைக்கும் அசையாமல் நின்றதை நான் பார்த்தேன். அந்தப் பாட்டை எழுதியவர் அவர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சில மாதங்களில் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து கடை திறந்தார்கள். தவிடு போகாத சிவப்பரிசி, கேழ்வரகில் அரைத்த குரக்கன் மா, உலர்ந்த முருங்கையிலை, காட்டுத் தேன், காலையில் இலைக்கஞ்சி. கடை இருந்த இடம் என் வாப்பாவின் தேத்தண்ணிக் கடைக்கு நேர் எதிரே.

"ஊரே தகரம் தேடுது, இவரு தவிடு தேடுறாரு" என்றார் வாப்பா.

வாப்பாவை இங்கேயே அறிமுகப்படுத்திவிடுகிறேன். அவருடைய தேத்தண்ணியில் கரண்டியை நட்டால் நிற்கும், அவ்வளவு சீனி. எழுத வாசிக்கத் தெரியாது, உம்மாவுக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஒரு வரியை முழுதாக வாசித்தவள் நான். அதை நான் மறந்தாலும் வாப்பா மற்றவர்களை மறக்க விடமாட்டார். இன்னொன்று: இந்தக் கதையில் வாப்பாவின் இடது காலை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சீனிக் காக்கா வேலையை விட்டாரே தவிர, வேலை அவரை விடவில்லை. கடையில் ஒரு போத்தலிலும் சாமானின் பெயர் இருக்காது. உம்மா ஒருநாள் ஒரு போத்தலைத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"இது என்ன சாமான்? வாசி புள்ள."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். "மரம் பகலில் கண்ட பச்சைக் கனவு."

"செரியா வாசிகா."

"அப்பிடித்தான் உம்மா எழுதியிரிக்கி."

"எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சும் ஒரு போத்தல வாசிக்கத் தெரியல்லியா உனக்கு?" என்று சொல்லி உம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "கனவாம் கனவு! முருங்கையில. நம்மட வேலியில நிக்கி."

தராசில் அரிசி போட்டுக்கொண்டிருக்கும்போதே காக்காவின் கை அந்தரத்தில் நின்றுவிடும். கண் வெளியே போய்விடும்.

"காக்கா, அரிசி!"

"ஓம்... அந்த முகிலப் பாருங்களன். வயலுக்கு மேலால போறத்துக்கு மனசில்லாமப் போகுது."

வாங்க வந்தவரும் பார்ப்பார். பார்த்தால் உண்மையிலேயே அந்த முகிலுக்குப் போக மனமில்லாத மாதிரித்தான் இருக்கும். மேற்கே வயல், கிழக்கே கடல், நடுவில் ஒரு ரோட்டு. தவிட்டு மணமும் உப்புக் காற்றும் கலந்து வர, நாலைந்து பேர் சாமானை மறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அரிசி வாங்கப் போன உம்மா ஒருமுறை வெறுங்கையோடு வந்தார். "முகில் பாத்துட்டு வந்துட்டன்கா" என்றார் வெட்கத்தோடு. அன்று பகல் சோறு இல்லை, கடையில் வாங்கிய பாண்தான்.

இந்த மயக்கத்தைக் கலைப்பது அவருடைய மனைவியின் பொறுப்பு. ஊர் அவருக்கு ஊசி ராத்தா, அதாவது ஊசி அக்கா, என்று பெயர் வைத்திருந்தது. கடை மேசையில் யாராவது கை ஊன்றினால் போதும், விரலில் ஊசி ஏறிவிடும். ஒரு துளி இரத்தம், ஒரு சின்ன மெசின், பிறகு சாமான் வாங்க வந்தவருக்குத் தீர்ப்பு.

"காக்கா, உங்களுக்கு நல்லா ஏறியிரிக்கி."

"நான் தேன் வாங்க வந்தன் ராத்தா!"

"தேன் இல்ல உங்களுக்கு. கஞ்சியக் குடிங்க."

கடை நொடிந்ததற்கு இது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அங்கே போனால் உடம்பில் சீனி என்று ஊர் முடிவு கட்டிவிடும். அதனால்தான் அது சீனிக் கடை ஆனது. உள்ளே நுழைந்தவர்கள் கள்ளனைப்போல இரண்டு பக்கமும் பார்த்தபடி நுழைந்தார்கள். பேரைக் கேட்டு நம்பி வந்த வெளியூர்க்காரர்களோ பஸ்ஸிலிருந்து குதித்து, "ரெண்டு கிலோ சீனி தாங்க" என்றார்கள். சீனி கேட்ட ஒவ்வொருவருக்கும் காக்கா ஒரு பிரசங்கம் செய்தார். பிரசங்கம் முடிவதற்குள் பஸ் போய்விடும்.

ஒருநாள் அவருக்கே அலுத்துப்போய், பெரிய பலகையில் அழகான எழுத்தில் எழுதித் தொங்கவிட்டார்: "இங்கு சீனி இல்லை."

அவர் வாழ்க்கையில் விளக்கமாக எழுதிய முதல் வசனம் அது. அதுதான் வினையானது.

யுத்தத்தின் கடைசி மாதங்கள் அவை. ரோட்டில் வழிநெடுகச் செக்பொயின்ட். வதந்தி மட்டும் எங்கும் இறங்காமல், அடையாள அட்டை காட்டாமல் போய்வந்தது. பலகையை முதலில் பார்த்தவர், "எப்ப வரும்?" என்று கேட்டார். காக்கா முகிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு போதும். சீனிக் கடையிலேயே சீனி இல்லையாம். கப்பல் வரவில்லையாம். ரோட்டை மூடப்போகிறார்களாம். பகலுக்கிடையில் அட்டாளைச்சேனை வரைக்கும் ஆட்கள் உரப்பையோடு ஓடினார்கள். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் மூடை மூடையாக ஏற்றினார். பின்னேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், ஊரில் சீனித் தட்டுப்பாடு எதுவும் இல்லை, பொதுமக்கள் அமைதியாக இருக்கவும் என்று அறிவித்தார்கள். அதைக் கேட்டு மிச்சப் பேரும் ஓடினார்கள்.

காக்கா படியில் குந்தியிருந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "கொழும்பில இத்தின வருசம் எழுதினன். ஒரு விளம்பரமும் இப்பிடிப் பிடிக்கல்ல."

"கதையக் குறைச்சிட்டுக் கஞ்சியக் கிளறுங்க" என்றார் ஊசி ராத்தா.

யுத்தம் முடிந்தது. செக்பொயின்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. திருக்கோவில் ஊர்ப் பக்கத்திலிருந்து தேன்காரர்கள் பயமில்லாமல் வரத் தொடங்கினார்கள். வாப்பா கடைக்குப் புதுத் தகரம் போட்டார். அப்போதுதான் ஒரு தகரத் துண்டு அவர் இடது குதிக்காலைக் கிழித்தது.

சின்னக் காயம். ஆறவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார். இடையிடையே செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். நான் விஞ்ஞானப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்: தாகம், களைப்பு, ஆறாத புண். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் வாசிப்பவள். ஆகவே எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

"வாப்பா, உங்களுக்குச் சீனி."

"மெல்லக் கதை!" வாப்பா வாசலை எட்டிப் பார்த்தார். "இதுக்கா உன்னப் படிக்க வெச்சன்?"

"கால் போயிரும் வாப்பா. முன்னுக்குத்தானே கடை, ராத்தாட்டக் காட்டுங்க."

"தேத்தண்ணிக்காரனுக்கே சீனியெண்டா எவன் இஞ்ச வந்து தேத்தண்ணி குடிப்பான்? நீ எப்பிடி மேல படிக்கிற?"

அதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. நான் ரோட்டைக் கடந்துபோய்ச் சீனிக் காக்காவிடம் சொன்னேன். அவர் முகிலைப் பார்க்கவில்லை. நான் சொல்லி முடிக்கும் வரை என்னையே பார்த்தார். "ஆருக்கும் சொல்லாத, புள்ள" என்றார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் வாப்பாவின் கடைக்கு வந்து, காலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், "சீனி போடாம ஒண்டு" என்றார்.

"அது தேத்தண்ணி இல்ல தம்பி, கசாயம். கசாயத்துக்கு நான் காசு வாங்குறல்ல."

"செரி காக்கா, சும்மா தாங்க. நம்மட கடையிலயும் சில சாமான் அப்பிடித்தான். உள்ளுக்கு ஒண்டு, வெளியில எழுதியிரிக்கிறது வேறொண்டு. வாறவங்க எந்தப் பேரச் சொல்லிக் கேட்டாலும் நான் குடுக்கத்தான் போறன்."

பால் பொங்கி வழிந்தது; வாப்பா அதைக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை. வாப்பாவின் கடை வாங்குகளில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாப்பா குனிந்து, நிறைந்திருந்த சீனி டின்னை ஒரு கடதாசிப் பைக்குள் கவிழ்த்து, பையை மேசைக்குக் கீழே தள்ளியதை நான் மட்டும்தான் கண்டேன். பிறகு வெறும் டின்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலமாகச் சொன்னார்.

"சீனி முடிஞ்சிட்டு. முன்னுக்குப் போய் வாங்கிட்டு வாறன்."

எதிரே தொங்கிய பலகையை எட்டுப் பேரும் வருடம் முழுக்கப் பார்த்தவர்கள். ஊரில் ஒருவரையும் கேலி செய்யாமல் விடாத ட்ராக்டர்காரர் வாயைத் திறந்தார். அவர் வாப்பாவின் காலைப் பார்த்தார். திறந்த வாய்க்குள் ரொட்டியை வைத்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்க காக்கா" என்றார் மென்றபடி. "பஸ் வருது, பாத்து."

வாப்பா நொண்டி நொண்டி ரோட்டைக் கடந்தார். அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடிக்காமல் நின்று வழிவிட்டது. சீனிக் காக்கா பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, சீனி இரிக்கா?"

இந்தக் கேள்விக்கு எத்தனையோ பஸ்களைத் தவறவிட வைத்த மனிதர் அவர்.

"இரிக்கி காக்கா. நல்ல சீனி. உள்ள வாங்க, நிறுத்துத் தாறன்."

ஊசி ராத்தா மெசினோடு வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டார். காக்கா வெளியே வந்து, பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினார். அவர் சொன்ன ஒரே பொய்க்கு ஊரில் எட்டுச் சாட்சிகள்; எட்டுப் பேரும் குனிந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

ராத்தா கையோடு கூட்டிப்போய் வாப்பாவை ஆஸ்பத்திரியில் காட்டினார். கால் ஆறிக்கொண்டு வந்தது. டின் குரக்கன் மாவோடு திரும்பியது. அதன்பின் ட்ராக்டர்காரரே ஒருநாள் வெறும் டின்னோடு ரோட்டைக் கடந்தார். பிறகு மோட்டார் சைக்கிளில் வெளியூர் டின்களும் வந்தன. கடை நிமிர்ந்தது. வாப்பாவின் கடையில் "கசாயம்" என்று கேட்டால் சீனி போடாத தேத்தண்ணி வரும்; அதற்கு இப்போது காசும் உண்டு.

நான் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட காலை, பஸ்ஸின் யன்னலால் சீனிக் காக்கா ஒரு போத்தலை நீட்டினார். பின்னால் வாப்பா இரண்டு காலிலும் சரியாக நின்று கைகாட்டிக்கொண்டிருந்தார். போத்தலில் கனவும் இல்லை, முகிலும் இல்லை. குரக்கன் மாவுக்கு மேல் ஒரே ஒரு சொல் எழுதி ஒட்டியிருந்தார்: சீனி.

மா முடிந்து எத்தனையோ தடவை அந்தப் போத்தலைக் கழுவியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லில் மட்டும் இன்றுவரை தண்ணீர் படவிட்டதில்லை.