பெட்டிக்கு ரெண்டு மூக்கு

அன்று கரட்டின் மேல் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா. என் தாய்மாமன் சவரிமுத்து. எங்கள் ஊர் மாதாகோயில் உபதேசியார். நான். என் கையில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. இதில் வழி தெரிந்தவர் மாமா ஒருவர்தான். நாங்கள் கேட்டது ரேடியோவை.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு கரட்டடியில் எங்கள் ஊர். பெண் வீடு கரட்டுக்கு அந்தப் பக்கம். பஸ்ஸில் சுற்றிப் போனால் அரை நாள். ஏறி இறங்கினால் இரண்டு மணி நேரம்.

எங்கள் வேதத்தில் ஓலை வாசிக்காமல் கல்யாணம் கிடையாது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிப்பார்கள். பெண் ஊர்ப் பங்குச் சாமியார் கண்டிப்பானவர். மாப்பிள்ளை நேரில் வந்து, ஜெபம் சொல்லிக்காட்டி, கையெழுத்துப் போட்டால்தான் ஓலை. பத்து மணிப் பூசைக்கு முன்னால் வரச் சொல்லியிருந்தார். தவக்காலத்தில் கல்யாணம் இல்லை; அதற்கு முன்னால் மிச்சமிருந்தது, அன்றையதும் சேர்த்து, மூன்றே ஞாயிறு. அன்றைக்கு விட்டால் ஈஸ்டர் முடிந்துதான் கல்யாணம். பெண்ணின் அப்பா லூர்துசாமி ஏற்கெனவே அரை மனதாக இருந்தார். இது எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

ரேடியோ கதை இது. நான் பெங்களூரில் இரண்டு வருஷம் கட்டட வேலை பார்த்தேன். அங்கே ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருவர் பழக்கம். நான் வாங்கிய ரேடியோப் பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு கறுப்புக் குச்சியைக் காட்டினார். குச்சியின் முனை ஸ்டேஷனைப் பார்த்தால் சத்தம் தேய்ந்துவிடும், குறுக்கே இருந்தால் நன்றாகக் கேட்கும் என்றார். எந்த முனை என்று நான் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இதை எழுத வேலை இல்லை.)

ஊருக்கு வந்து, ஸ்டேஷன் திருகு இருக்கிற பக்கத்து முனைக்கு மூக்கு என்று பெயர் வைத்தேன். பெங்களூர் ஸ்டேஷனை வைத்துக்கொண்டு களத்தில் நின்று மெதுவாகத் திரும்புவேன். மூக்கு பெங்களூர் திக்கைப் பார்த்ததும் கன்னடம் முனகலாகிவிடும். ஊரே பார்த்தது. தினம் காட்டினேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தப்பாது. பெங்களூர் எந்தப் பக்கம் என்று தெரிந்த ஆள் அங்கே நான்தான், பெட்டி இல்லை. இது பிற்பாடு புரிந்தது.

பெண் வீடும் அதே பெங்களூர் திக்கு. அதனால் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். புது டெரிலின் சட்டை, கழுத்தில் ரேடியோ. மாப்பிள்ளை என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உச்சியில் ஒரு பெரிய பாறை. அதில் உட்கார்ந்து கம்பங்களி சாப்பிட்டோம். கை கழுவி எழுந்தபோது பனி மூடிவிட்டது. நாலு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாறையைச் சுற்றி ஏழெட்டு ஆட்டுத் தடம். எந்தத் தடத்தில் வந்தோம் என்பதே தெரியவில்லை.

மாமா அரை மணி பொறுக்கச் சொன்னார், வெயில் வந்தால் பனி விலகிவிடும் என்றார். நான் சாமியார் பொறுக்கமாட்டார் என்றேன். பெட்டியைப் போட்டேன். கன்னடத்தில் யாரோ பேசினார்கள்.

"வழி சொல்றானா மாப்ள?" என்றார் மாமா.

உபதேசியாருக்குக் கன்னடம் தெரியும். காது கொடுத்துக் கேட்டார். "ராகிக்கு எரு போடச் சொல்றாங்க" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு திரும்பினேன். (கண்ணை மூடத் தேவையில்லை. பார்க்கிறவர்களுக்காக.) கால் வட்டத்திலேயே சத்தம் தேய்ந்தது. நிறுத்தினேன். மூக்கு காட்டிய தடத்தில் இறங்கச் சொன்னேன். மாமா மட்டும் நின்றார். தன் கணக்குப்படி வேறு பக்கம் என்றார். அப்பா என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பெட்டி புதுசு. மாமா பழசு. இறங்கினோம்.

சூரமுள் சட்டையைக் கிழித்தது. நடுநடுவே நின்று பெட்டியைப் பார்த்துச் சரிதான் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். பனிக்குள் ஒரு புளியமரம் தெரிந்தது.

"இது நம்மூர்ப் புளியமரம் மாதிரியே இருக்குது மாப்ள."

"புளியமரம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதானுங்க மாமா."

அப்புறம் ஒரு குப்பைமேடு. அங்கே ஒரு பெண்பிள்ளை தலையில் கோணிச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, குனிந்து சாணி கொட்டிக்கொண்டிருந்தாள். பெண் ஊர் ஆட்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும். சட்டைக் கிழிசலைக் கையால் மூடிக்கொண்டேன்.

"ஏனுங்கம்மா, லூர்துசாமி வூடு எங்கீங்க இருக்குது?"

அவள் நிமிர்ந்தாள். என் அம்மா.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பின்னால் நின்ற மூன்று பேரையும் பார்த்தாள். சாக்கைக் கழற்றினாள்.

"அது கரட்டுக்கு அந்தப் பக்கமுங்க சாமி. இது உங்கப்பன் வூடு."

அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உபதேசியார் என் கழுத்திலிருந்து பெட்டியைக் கழற்றினார். மெதுவாகத் திருப்பினார். சத்தம் தேய்ந்தது. இன்னும் அரை வட்டம் திருப்பினார். மறுபடி தேய்ந்தது. இரண்டு தடவை செய்து பார்த்தார்.

"தம்பி, இதுக்கு ரெண்டு மூக்கு" என்றார்.

பெட்டி பொய் சொல்லவில்லை. கோடு மட்டும் காட்டியது. கோட்டில் எந்தப் பக்கம் போவது என்பது என் பொறுப்பு.

மறுபடி ஏறினோம். மாமா முன்னால் போனார். பனி விலகி வெயில் அடித்தது. பெட்டி பேசவில்லை. அம்மா பிடுங்கி அடுக்குப்பானையில் போட்டுவிட்டாள். போய்ச் சேரும்போது மணி ஒன்று. பூசை முடிந்து, சாமியார் அடுத்த ஊருக்கு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். ஓலை இல்லை.

லூர்துசாமி வாசலில் நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். அப்பா பாதியை முழுங்கினார். மாமா ஒன்று விடாமல் சொன்னார், சாணி உட்பட. லூர்துசாமி அப்பாவிடம், கோபமில்லாமல்தான் சொன்னார். கரடு தாண்டத் தெரியாத பையனுக்கு எப்படிப் பெண்ணைக் கொடுப்பது, இது ஆண்டவரே போட்ட தடையாக இருக்கலாம், இத்தோடு விட்டுவிடலாம் என்றார்.

கிழிந்த சட்டையோடு நின்றேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு முன்னால் நான் கேட்டிராத குரல்.

"வழி தெரியாதவரு நம்மள வுட்டுட்டு எங்கப்பா போயிறப் போறாரு? இருக்கட்டும் வுடுங்க."

மாமாதான் முதலில் சிரித்தார். அப்புறம் லூர்துசாமி. சிரித்த பிறகு மனிதரால் எங்களை வெளியே நிறுத்த முடியாது. பாய் போட்டார்கள், சோறு போட்டார்கள். கல்யாணம் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் போனோம்.

இன்றைக்கும் நான் தெருவில் யாருக்காவது வழி சொன்னால், என் பெண்கள் பின்னால் ஓடிப்போய் அதற்கு எதிர்ப்பக்கம் போகச் சொல்கிறார்கள். என் மனைவி அப்படியெல்லாம் செய்யமாட்டாள். கல்யாணம் நடக்க வேண்டிய நாளிலிருந்து நடந்த நாள் வரைக்கும் காத்திருந்த நாட்களை அவள் எண்ணி வைத்திருக்கிறாள். எங்களுக்குள் வாக்குவாதம் வந்து, என் பக்கம் நியாயம் இருந்து, நான் ஜெயிக்கப்போகிற நேரத்தில் அந்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஐம்பத்தாறு.