பன்னெண்டாயிரம் தலைமுழுகினார்

ஞானஸ்நானத்தைப் பற்றிப் பன்னெண்டாயிரத்துக்குத் தெரிந்த அளவு உலகத்தில் எந்தப் பாதிரியாருக்கும் தெரியாது. ஒரே ஒரு குறைதான். அவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை.

காரைக்குடியில் அவருக்குத் தண்ணீர் லாரித் தொழில். சொந்த லாரி, பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அவர் வீட்டு மாடிக்கு நான் குடிவந்த புதிதில், அது அவருடைய மாத வருமானம் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு வாரம் அவருக்காக வருத்தப்பட்டேன்.

ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன சபை. அவரும் மனைவி ஜெயராணி அக்காவும் ஞாயிறு தவறாமல் போவார்கள். பிள்ளைகளுக்குத் தலையில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் அங்கே இல்லை. வளர்ந்தவர்கள் தாங்களாக முடிவுசெய்து, தண்ணீரில் முழுக்க முங்கி எழ வேண்டும். கண்மாய் பாதி வருஷம் காய்ந்து கிடக்கும். ஊருணியில் இறங்கினால் குடிதண்ணீரைக் கெடுத்ததாக ஊரே சண்டைக்கு வரும். ஆகவே சபைக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தொட்டி கட்டியிருந்தார்கள். அதற்கு ஒவ்வொரு முறையும் இலவசமாகத் தண்ணீர் கொண்டுவருபவர் நம்மவர்தான். தொட்டி நிரம்பும்வரை லாரி மேல் உட்கார்ந்து பாஸ்டரைக் கேள்வி கேட்பார்.

"பாஸ்டரய்யா, சுத்துச்சுவர இம்புட்டு ஒசரமாக் கட்டி வச்சிருக்கீக. உள்ள நடக்குறது ரோட்டுல போறவனுக்கு எப்பிடித் தெரியும்? ஞானஸ்நானம்னா ஊரறிய எடுக்கணும். ஒளிஞ்சு குளிக்கிறதுக்குத்தான் வீட்டுல பாத்ரூம் இருக்குல்ல?"

பாஸ்டர் இளைஞர், பொறுமைசாலி. "வேதத்துல அந்த எத்தியோப்பிய மந்திரி நடுவழியில வண்டிய நிறுத்தி எடுத்தாரேண்ணே. அங்க எந்த ஊரு பாத்துச்சு?"

"வண்டிய ஓட்டுன டிரைவர் பாத்திருப்பாருல்ல. டிரைவர் சாட்சி செல்லாதுங்கிறீகளா?"

அடுத்த முறை, கொடுப்பது யார் என்ற கேள்வி வந்தது. போதகர் கைதான் வேண்டும் என்பது சபையின் விதி. "அதே மந்திரிக்குக் கொடுத்தவரு யாரு? பந்தி விசாரிக்கிறதுக்குன்னு வச்ச ஆளு. பந்தி விசாரிச்சவரு கொடுக்கலாம்னா, தண்ணி கொண்டாந்தவன் கொடுக்கக் கூடாதா?" என்று ஒரு போடு போட்டார். தொட்டிக்குள் இறங்கக் காத்திருந்த இரண்டு பேர், யாரிடம் எடுப்பது என்று குழம்பிப்போய்க் கரையிலேயே நின்றார்கள்.

இந்த இரண்டு கேள்விக்கும் திருப்தியான பதில் கிடைத்த பிறகுதான் தானும் இறங்குவேன் என்று அவர் சொல்லிவந்தார். கல்யாணமான நாளிலிருந்து, அதாவது இருபது வருஷமாக, பாஸ்டர்கள் மாறிய பிறகும் சொல்லிவந்தார்.

உண்மைக் காரணம் எனக்கு மாடியிலிருந்து தெரிந்தது. கொல்லைக் குழாயடியில்தான் அவர் குளிப்பார். கழுத்துக்குக் கீழே வாளி வாளியாக ஊற்றிக்கொள்வார். தலைக்கு மட்டும் ஈரத்துண்டு. ஒருநாள் கேட்டே விட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, "எட்டு வயசுல கெணத்துக்குள்ள விழுந்துட்டேன் தம்பி. மூஞ்சிக்கு மேல தண்ணி வந்தா இப்பவும் உசுரு போற மாதிரி இருக்கு. வெளிய சொல்லிப்புடாதீக" என்றார். எல்லாமே ஊரறிய நடக்கவேண்டும் என்று வாதாடிய மனிதர் என்னைக் காக்கச் சொன்ன ஒரே ரகசியம் அது.

ஜெயராணி அக்காவுக்கும் அது தெரியும். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும்தான். அக்கா எழுந்து போய் வாங்குவார். பன்னெண்டாயிரம் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருப்பார். ஒரு முதல் ஞாயிறு அக்கா எழுந்திருக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டபடி அவர் சொன்னது மாடிவரை கேட்டது.

"இனி ஒங்கள ஒக்கார வச்சிட்டு நான் மட்டும் போயி வாங்க மாட்டேன். நீங்க என்னைக்கு வாரீகளோ, அன்னைக்குத்தான் நானும்."

அக்காவுக்கு அந்த ஒரு துண்டு அப்பம் எவ்வளவு பெரிது என்று அண்ணனுக்குத் தெரியும். தன்னுடைய பயத்துக்கு அக்கா எதற்காகப் பட்டினி கிடக்க வேண்டும்? மூன்று மாதம் இரண்டு பேரும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது மாதம் அண்ணன் டீக்கடைக்குப் போய் அறிவித்தார். ஞானஸ்நானம் என்றால் எல்லாருக்கும் புரியாதே என்று நல்ல தமிழில் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"ராணி வெவகாரத்துக்கு ஒரு முடிவு கட்டிப்புட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம தலமுழுகுறேன். எல்லாரும் வந்துருங்கப்பா."

ஒருவரைத் தலைமுழுகுவது என்றால் உறவை அறுத்துவிடுவது. பன்னெண்டாயிரம் பெண்டாட்டியை விட்டுப் பிரிகிறார் என்று அரை மணி நேரத்தில் தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி ஓடியது. ஞாயிறு காலை சபை வாசலில் சமரசம் பேச வந்தவர்களே நாற்பது பேர் இருப்பார்கள். குன்றக்குடி முருகன் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆசாரி ஒருவர் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, "இந்த வயசுல இது தேவையாண்ணே? அக்கா மொகத்தக் கொஞ்சம் பாருங்க" என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். விஷயம் விளங்கியதும் சிரித்தார்களே தவிர ஒருவரும் திரும்பிப் போகவில்லை. இடம் போதாமல் சுற்றுச்சுவர் மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

கூட்டத்தைப் பார்த்ததும் அண்ணன் முகம் வெளுத்தது. "பாஸ்டரய்யா, இத மறைவா வச்சுக்கிட்டா செல்லாதா?" என்று காதோரம் கேட்டார்.

"நீங்கதானேண்ணே ஊரறியன்னு சொன்னீக."

இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்றார். பாஸ்டர் அவர் பிடரியில் கை வைத்தார். மூன்று முறை சாய்த்தார். மூன்று முறையும் அண்ணன் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. ஜெயராணி அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருவரையும் கேட்காமல் தொட்டிக்குள் இறங்கினார்.

"பொம்பள கை வைக்கிறது மொறையில்ல" என்றார் சபை மூப்பர் ஒருவர்.

பாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "வார்த்தைய நான் சொல்றேன். பிடிக்கிறவுக பிடிக்கட்டும்" என்றார்.

அக்கா ஒரு கையைப் பிடரிக்கும் இன்னொரு கையை முதுகுக்கும் கொடுத்தார். "என்னையப் பாருங்க. மூச்ச இழுத்துப் பிடிங்க. நான் விட மாட்டேன்."

பாஸ்டர் அண்ணன் நெற்றியில் கை வைத்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னார். அண்ணன் தலை தண்ணீருக்குள் மறைந்தது. பிறகு எழுந்தார். இருமினார், மூக்கைச் சிந்தினார், சுவர்மேல் இருந்தவர்களைப் பார்த்து, "எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார்.

கொடுத்தது பாஸ்டரா, அக்காவா என்று மூப்பர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அண்ணனிடமே கேட்டுப் பார்த்தேன். "யாரு கொடுத்தா என்ன தம்பி, நான் எடுத்துட்டேன்ல" என்று சொல்லிவிட்டு லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த முதல் ஞாயிறு, எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாவிட்டாலும் சபை வாசலில் போய் நின்றேன். இருவரும் சேர்ந்து எழுந்து முன்னால் போனார்கள். தன் கைக்கு வந்த அப்பத் துண்டை அண்ணன் உடனே வாயில் போடவில்லை. அக்கா கைக்கும் வரட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.