இரட்டைச் சைக்கிளின் பின் சீற்

கைபேசியில் வந்த முதல் படத்தைப் பார்த்ததோடேயே இராசலிங்கத்துக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

கப்பலின் மேல்தட்டு. அவருடைய மனுசி ஜெயமலர் ஹெல்மெற்றும் போட்டுக்கொண்டு, வாயை ஒரு வெள்ளைக்காரனின் காதுக்குள் வைத்திருக்கிறாள். அவன் கறுப்புக் கண்ணாடியோடு வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"இந்த மழை மூட்டத்துக்குள்ள என்ன கறுப்புக் கண்ணாடி? நடிகர் எண்ட நினைப்பு!"

கீழ்வீட்டு அலோசியஸ் மிக்சர் கொறித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "நான் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. ஆனா காது எண்டது சும்மா இடமில்லை."

ஜெயமலர் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து, பேரப்பிள்ளை கண்ட பிறகுதான் பெண்களுக்கான வகுப்பில் சைக்கிள் ஓடப் பழகினவள். இப்போது சைக்கிள் கிளப்போடு ஸ்கொட்லாந்துத் தீவுகளுக்குப் போயிருக்கிறாள். போகாதே என்றார். போறன் என்றாள். அந்தக் கோபத்தில் இரண்டு கிழமையாக வாயே திறக்கவில்லை. ஆரோடு போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. இப்போது கிளப்காரர் அனுப்புகிற படங்கள்தான் கதி.

அடுத்த படம் வந்தது. ஜூரா தீவு, செங்குத்தான ஏற்றம், இரண்டு பேர் ஓடுகிற நீட்டுச் சைக்கிள். முன்னுக்கு ஜெயமலர். பின்னுக்குக் கறுப்புக் கண்ணாடி.

"பொம்பிளையை முன்னுக்கு விட்டிட்டுப் பின்னால இருந்து வாறான், வெக்கங்கெட்டவன்! எங்கட ஊரில எந்த ஆம்பிளையாவது இப்பிடி ஏறியிருப்பானே?"

"பின்னால இருந்தால் எல்லாம் வடிவாத் தெரியும் அண்ணை."

இராசலிங்கம் உடனே ஜெயமலருக்குப் போன் அடித்தார். எடுத்தது ஆம்பிளைக் குரல்.

"நான் ஜூலியன். அவவுக்கு ஹாண்டிலில இருந்து கை எடுக்க ஏலாது. நான் பின்னால சும்மாதான் இருக்கிறன்" என்றது டொச்சில், ஜெர்மன் பாஷையில்.

சும்மா இருக்கிறானாம்! அவளை அந்தச் சைக்கிளில் இருந்து இறக்கவேண்டும். இராசலிங்கம் தனக்குத் தெரிந்த டொச்சையெல்லாம் ஒன்றுகூட்டினார். "என் மனுசி. இதயம் வருத்தம். பெரிய வருத்தம். சைக்கிள் வேண்டாம்!"

அந்தப் பக்கம் 'ஐயோ' என்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு பிரேக் கிறீச்சிட்டது.

"பலிச்சுது பார் திட்டம்" என்று அலோசியஸின் மிக்சரில் ஒரு பிடி அள்ளினார்.

பின்னேரம் மூன்றாவது படம் வந்தது. ஆள் அரவமில்லாத மலைப்பாதை. சைக்கிளை ஒரு கையால் உருட்டிக்கொண்டு ஜெயமலர் நடக்கிறாள். மற்றக் கையைக் கறுப்புக் கண்ணாடி இறுக்கிப் பிடித்திருக்கிறான். கிளப்காரர் கப்பலை மறிக்க முன்னால் போய்விட்டார்களாம்.

"அண்ணை, நீங்களே ரெண்டு பேரையும் தனிய ஆக்கிப்போட்டியள்."

திரும்ப அடித்தார். "இதயம் நல்லம்! பெரிய நல்லம்! ஓடுங்கோ, கெதியா ஓடுங்கோ!"

"அவவும் அப்பிடித்தான் சொல்லுறா" என்றான் ஜூலியன். "வருத்தத்தை மறைக்கிறது வருத்தக்காரரின் வழக்கம். நான் சைக்கிளில ஏறமாட்டன். பயப்பிடாதேங்கோ, கையை விடமாட்டன்."

"விடடா கையை!" என்று இராசலிங்கம் தமிழில் கத்தினார். அது அவனுக்கு விளங்கவில்லை.

டொச்சுக்காரனுக்கு வருத்தம் என்று ஒருக்காச் சொன்னால் போதும், பிறகு கடவுளே வந்து சொன்னாலும் மாற்றமாட்டான். இதை இத்தனை வருசமாக இந்த நாட்டில் இருந்தும் இராசலிங்கம் யோசிக்கவில்லை.

பொழுதுபட அவனே போன் எடுத்தான். "கடைசிக் கப்பல் போயிட்டுது. நாங்கள் ரெண்டு பேரும் இண்டைக்குத் தீவிலதான் தங்கவேணும்."

அலோசியஸ் மிக்சர்ப் பையை மடித்து வைத்தான். அதற்குமேல் அவனாலும் சாப்பிட முடியவில்லை.

இராசலிங்கத்துக்குக் கண் இருண்டது. கைபேசியை அலோசியஸிடம் நீட்டினார். "டொச்சில கேளடா! விடியத் தொடக்கம் என்ர மனுசியில அப்பிடி என்னத்தைப் பாக்கிறானாம்?"

அலோசியஸ் கேட்டான். பதில் இராசலிங்கத்துக்கே விளங்குகிற மாதிரி ஆறுதலாக வந்தது.

"நான் ஒண்டும் பாக்கேல்லை ஐயா, எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது, மலையையும் கடலையும் மானையும் உங்கட மனுசிதான் காதுக்குள்ள சொல்லிக்கொண்டு வந்தவா, உங்களையும் சொன்னவா, ஒருநாளும் ஒருத்தரையும் சந்தேகப்படாத மனுசனாம்."