தையல் கடைக்கு வந்த பகா எண்

தங்கை காய்ச்சலில் கிடந்தபோது கொட்டும் மழையில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று டோக்கன் வாங்கிவந்தவர் அண்ணன். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் டோக்கனுக்குப் பிடித்துக்கொண்டு வந்தார் என்பதுதான் சங்கதி. நனைந்தால் எண் அழிந்துவிடுமே!

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எண்ணைக் கண்டால் வகுத்துப் பார்க்காமல் விடாத இனம். கார் எண், செருப்பு அளவு, பிரார்த்தனைக் கூடத்தில் பாட்டு எண், எதுவும் தப்பாது. கண்ணை மூடி உதட்டை அசைப்பார்கள். பக்தி என்று நினைத்து நாமும் கண்ணை மூடுவோம். பிறகு காதருகே குனிந்து, மூன்றால் மீதியில்லாமல் வகுபடுகிறது என்பார்கள். வகுபட்டால் நமக்கென்ன?

தங்கை ஐந்தாம் வகுப்போடு நின்றவள். துணியை வெட்டுவதோடு சரி, எண்ணை வெட்டத் தெரியாது. அவளுடைய தையல் கடைக்குப் புதுத் தொலைபேசி வந்தது. எண் 73939133. அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதாலும் வகுபடாத பகா எண்ணாம். கடைசி இலக்கத்தை வெட்டினாலும் பகா எண்தானாம். இப்படியே வெட்டி வெட்டி ஏழு மட்டும் மிஞ்சும்வரை எங்கேயும் வளைந்துகொடுக்காதாம். ஏழில் தொடங்கி எட்டு இலக்கம் வரை தாக்குப்பிடிப்பது இது ஒன்றேதானாம். ஆண்டவனே பார்த்து அனுப்பியது என்று கும்பிட்டுக்கொண்டார்.

அத்தோடு விட்டாரா? கடை எண்ணைக் கேட்டவர்களுக்கெல்லாம் எண்ணைச் சொல்லாமல் அதன் குணத்தைச் சொன்னார்.

"ஏழுல ஆரம்பிங்க. பின்னால ஒவ்வொண்ணா சேர்த்துட்டே போங்க, எங்கயும் வகுபடக் கூடாது. எட்டு வந்ததும் நிறுத்துங்க. அதான் நம்பர்."

தொலைபேசி வாயே திறக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீருடை ஆர்டரும் வராவிட்டால் கடையைப் பூட்டவேண்டியதுதான் என்று தங்கை தெய்வத்திடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அந்த ஆர்டரைத் தரவேண்டிய பெரிய நர்சம்மா நேரிலேயே வந்துவிட்டார், கண்ணெல்லாம் சிவந்து. 7193 வரை வந்துவிட்டாராம். அதற்குமேல் மூச்சு வாங்குகிறதாம்.

"ரெண்டாவதுலயே வழி தப்பிட்டீங்கம்மா," என்றார் அண்ணன், மிகுந்த அனுதாபத்தோடு. "அங்க ஒண்ணு இல்ல, மூணு."

நர்சம்மா பார்த்த பார்வையில் ஊசியே இருந்தது. ஆர்டர் என்னவோ கிடைத்தது, இனிமேல் இந்த மனிதர் யாருக்கும் நம்பர் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பிறகு அண்ணன் தன் மகள் வீட்டோடு போய் இருக்கக் கிளம்பினார். வழியனுப்பப் போன தங்கை, அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல் பஸ்ஸின் எண் பலகையைப் பார்த்தாள். 4518. உதடு தானாக அசைந்தது. நீங்கள் சிரிக்கவேண்டாம். சற்றுமுன் 7193ஐ ஏழால் வகுத்துப் பார்த்தது யார்?

ஜன்னலோரம் இருந்த அண்ணன் கண்டுகொண்டார்.

"என்னம்மா, ஒன்பதாலயா? சரிதான். ஆனா யாராவது கடை நம்பர் கேட்டா நீ நேராவே சொல்லிடு. நான் மட்டும் கணக்குப் போட்டுக் கூப்பிட்டுக்கறேன்."